கடைசி விளக்கு

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 'க்ரொக்கடைல் ட்ரோஃபி' என்று ஒரு மலை சைக்கிள் பந்தயம். கொளுத்தும் வெயில், செம்மண் புழுதி, நாள்கணக்கில் மிதிக்கணும். ஜெயித்தவர் குளித்துப் படுத்தபிறகும் சிலர் மிதித்துக்கொண்டிருப்பார்கள். எதுக்கு? என் பி.காம். மூளைக்கு இது நஷ்டக் கணக்கு.

ஆனால், இதை ஆரம்பித்த ஆஸ்திரியக்காரர் கெர்ஹார்ட் ஷோன்பாகரே 1979, 1980 இரண்டு வருஷமும் டூர் டி பிரான்ஸில் கடைசி ஆள்! அங்கே கடைசி ஆளுக்குச் 'சிவப்பு விளக்கு' என்று பேர். ரயிலின் கடைசிப் பெட்டியில் தொங்குமே, அது. அதைப் பார்த்தால்தான் வண்டி முழுசாக வந்ததென்று ஸ்டேஷன்காரர்கள் நம்புவார்கள்.

உடம்பு 'போதும்' என்றால் நிற்பது புத்திசாலித்தனம். பேருக்குப் பயந்து நிற்பது? எட்டாம் கிளாஸ் ஓட்டப்பந்தயத்தில், கடைசி என்று தெரிந்ததும், கோட்டுக்குப் பத்தடி முன்னால் கால் சுளுக்கியதாக நடித்து உட்கார்ந்தேன். எல்லோரும் பரிதாபப்பட்டார்கள்.

அந்தப் பத்தடி இன்னும் பாக்கி இருக்கிறது, சார்.