முட்டிதானே என்று விட்டுவிடாதீர்கள்!

"உயிர் தப்பியதே பெரிசு. முட்டிதானே, சரியாகிவிடும். கேஸ், கோர்ட்டு என்று யார் அலைவது?"

சாலை விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவரிடம் சொந்தக்காரர்கள் ஆறுதலாகச் சொல்லும் வார்த்தைகள் இவை. அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் பல குடும்பங்களைக் கடனில் தள்ளியது இந்த ஆறுதல்தான். எவனோ செல்போன் பேசிக்கொண்டே வண்டி ஓட்டியிருப்பான். அதற்கு ஆயுள் முழுக்க நொண்டப்போவது நீங்கள். இதை விதி என்று சொல்லாதீர்கள். இது ஒருவருடைய அஜாக்கிரதை. அதற்குக் கணக்குக் கேட்கும் உரிமையை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் உங்கள் கையில் கொடுத்திருக்கிறது.

அடிபட்ட அன்றே வண்டிக்காரர் தரப்பிலிருந்து ஒருவர் வருவார். "அண்ணே, பத்தாயிரம் வச்சுக்கங்க, ஸ்டேஷன் எல்லாம் வேண்டாம்" என்பார். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்று வந்திருக்கும். உங்களுக்கும் சம்மதித்துவிடலாம் என்றுதான் தோன்றும். நிறுத்துங்கள்! ஜவ்வு கிழிந்தாலும் லிகமென்ட் அறுந்தாலும் எக்ஸ்ரேயில் தெரியாது. எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியும். வீக்கம் வடிந்தபின் படியிறங்கும்போது முட்டி திடீரென்று மடங்கி உங்களைக் கீழே தள்ளும். அப்போதுதான் அடியின் ஆழம் புரியும். அடிபட்ட மூட்டில் பல வருடங்கள் கழித்துத் தேய்மானம் வந்து, மூட்டு மாற்று அறுவை சிகிச்சை வரை போகலாம். இத்தனைக்கும் சேர்த்து முதல் நாளே பத்தாயிரத்துக்குக் கையெழுத்துப் போடுவதா? போடாதீர்கள்!

முழங்கால் நமக்கு வெறும் நடக்கிற உறுப்பா? சம்மணமிட்டுச் சாப்பிட அது வேண்டும். குத்தவைத்துக் கழிப்பறையில் உட்கார அது வேண்டும். காஞ்சிபுரத்து நெசவாளி குழித்தறியில் மிதிபலகையை மிதிப்பதும், கொத்தனார் சாரத்தில் ஏறுவதும், நாற்று நடும் பெண் சேற்றில் கால் மாற்றி வைப்பதும் முட்டியின் பலத்தில்தான். இவர்களுடைய மூலதனமே அந்த மூட்டுதான். மகள் கல்யாணத்தில் தரையில் உட்கார முடியாமல் ஓரமாக நாற்காலி தேடும் தகப்பனின் வேதனைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. வலி, வேதனை, வாழ்க்கைச் சுகங்களின் இழப்பு என்று அதற்குத் தனித் தலைப்பே இருக்கிறது.

மருத்துவர் சான்றிதழில் 15 சதவீத ஊனம் என்று எழுதியிருக்கலாம். அந்த எண்ணைப் பார்த்து மனம் உடையாதீர்கள். உடம்பில் எத்தனை சதவீதம் போனது என்பது வேறு, பிழைப்பில் எத்தனை சதவீதம் போனது என்பது வேறு என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரே காயம் குமாஸ்தாவின் சம்பளத்தைத் தொடாமல் போகலாம். தச்சருக்கோ அது தொழிலையே முடித்துவிடலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 38 வயதுக் கொத்தனார், மாதம் 15,000 ரூபாய் சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2009-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணைப்படி அந்த வயதுக்குப் பெருக்கும் எண் 15. ஒரு வருட வருமானத்தை அதனால் பெருக்கினால் மொத்தம் 27 லட்சம். அதில் 15 சதவீதம் என்றால் 4,05,000 ரூபாய். சாரம் ஏற முடியாததால் அவர் பிழைப்பில் 40 சதவீதம் போனது என்று நிரூபித்தால் 10,80,000 ரூபாய். சிகிச்சைச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்களின் வருமானம், உதவிக்கு இருந்தவருக்கான செலவு எல்லாம் இதற்கு மேல். எனவே இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் உங்கள் வேலை என்ன, அதில் முட்டிக்கு என்ன பங்கு என்பதை வாய் திறந்து சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

"எனக்குச் சம்பளச் சீட்டு இல்லையே" என்கிறீர்களா? 2014-இல் காலை இழந்த ஒரு காய்கறி வியாபாரியின் வழக்கில், காகித ஆதாரம் இல்லாமலேயே மாத வருமானம் 6,500 ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. "வீட்டில்தானே இருக்கிறேன்" என்று ஒதுங்கும் தாயே, வீட்டு வேலைக்கும் பண மதிப்பு உண்டு என்று 2001-லிருந்து அதே நீதிமன்றம் சொல்லி வருகிறது. "ஹெல்மெட் போடவில்லை, என் மேலும் தப்பு இருக்கிறது" என்று குறுகுகிறீர்களா? முட்டிக் காயத்துக்கும் ஹெல்மெட்டுக்கும் என்ன சம்பந்தம்? விபத்து நடந்ததில் உங்கள் பங்கும் இருந்தால் தொகையில் அந்தப் பங்கு குறையும், அவ்வளவுதான். உரிமை மொத்தமாகப் போய்விடாது. "பாவம், வண்டி ஓட்டியவன் சின்னப் பையன், குடும்பம் நாசமாகிவிடும்" என்று இரங்குகிறீர்களா? உங்கள் மனசு பெரியது. ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது இதற்காகத்தான். காப்பீடு இருந்தால் பணம் கொடுக்கப்போவது இன்சூரன்ஸ் கம்பெனி. அடித்த வண்டி நிற்காமல் ஓடிவிட்டாலும் வழி அடைபடவில்லை. கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் அரசுத் திட்டத்தில் கிடைக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இல்லாத காயத்தை எழுதவைக்காதீர்கள், இருக்கும் காயத்தைக் குறைத்தும் சொல்லாதீர்கள். ஆஸ்பத்திரி வாசலில் விசிட்டிங் கார்டோடு சுற்றும் புரோக்கரை நம்பாதீர்கள். கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று வழக்கறிஞர் பேரம் பேசுவதை பார் கவுன்சில் விதியே தடுக்கிறது. பணமில்லையா? மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் தருவார்கள். 15100 என்ற எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசினால் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். அங்கே முடிந்தது முடிந்ததுதான், அப்பீல் கிடையாது.

விபத்து எங்கோ வெளியூரில் நடந்ததா? நீங்கள் குடியிருக்கும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம். ஆனால் சட்டத்தில் எழுதியிருக்கும் கெடு விபத்து நாளிலிருந்து ஆறே மாதம். வலி குறையட்டும், பண்டிகை முடியட்டும் என்று நாளைத் தள்ளாதீர்கள். எப்.ஐ.ஆர். நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம், கேட்டு வாங்குங்கள். ஸ்டேஷனில் பதிவு செய்ய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் எழுதுங்கள். ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் நான்கையும் கேளுங்கள். மருந்துக்கடைப் பில்லிலிருந்து ஆட்டோவுக்குக் கொடுத்த காசு வரை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கட்டிலில் இருப்பவரால் முடியாதென்றால் மனைவி போகட்டும், மகன் போகட்டும், தம்பி போகட்டும். நாளைக் காலையிலேயே போங்கள்!