பொய் இல்லாத பட்டியல்

ஜெஞ்சாரோமில் இருக்கும் என் பாட்டிக்குக் கரண்டு என்றால் முதலில் ஞாபகம் வருவது சத்தம்தான். அவர் வளர்ந்த தோட்டத்தில் மாலை ஏழு மணிக்கு எஞ்சின் போடுவார்கள், பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். "சத்தம் கேட்டா வெளிச்சம், நின்னா தூக்கம். யாரு போடுறா, எங்க போடுறான்னு லயத்துல எல்லாருக்கும் தெரியும்" என்பார். இன்று சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிகிறது. எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒரு பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

பட்டியல் இருக்கத்தான் செய்கிறது. 2001-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த எரிசக்தி ஆணையத்தின் புள்ளிவிவர ஏடுகளில் மின்நிலையங்களைக் காணலாம்: பெயர், எரிபொருள், திறன். கிள்ளானுக்கு வடக்கே கடலோரமாக நிற்கும் காப்பார் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1980களில் தொடங்கி, கட்டம் கட்டமாக 2,420 மெகாவாட் வரை வளர்ந்தது. நிலக்கரி, எரிவாயு, எண்ணெய் மூன்றையும் எரிக்கக் கட்டப்பட்டது. அதன் நிலக்கரி கப்பலில் வருகிறது.

எல்லா வரியும் உண்மையாக இருந்தும் ஒரு பட்டியல் பொய் சொல்ல முடியுமா?

முடியாது என்றுதான் முதலில் தோன்றும். 1996 ஆகஸ்டு 3 அன்று பாக்காவில் ஏற்பட்ட ஒரு கோளாறு தீபகற்பம் முழுவதையும் இருட்டாக்கியது. அந்த மாதிரி நேரத்தில் பொறியாளருக்கு வேண்டியது மெகாவாட் கணக்குதான். மளிகைச் சீட்டில் யாரும் குடும்பக் கதை எழுதுவதில்லை. எல்லாவற்றையும் திணித்த பட்டியல் எதற்கும் உதவாது.

சரி, புகையின் கணக்கு எங்கே? 2014-ஆம் ஆண்டுத் தூய காற்று விதிகளின்படி, பெரிய மின்நிலையங்கள் புகைபோக்கியில் வெளியேறுவதைத் தொடர்ந்து அளக்க வேண்டும். அந்த எண்கள் சுற்றுச்சூழல் துறைக்குப் போகின்றன. ஆக, கணக்கு இருக்கிறது. ஆனால் வேறொரு அலுவலகத்தில். பக்கத்து ஊரில் ஒரு குழந்தைக்கு இளைப்பு வந்தால் அது கிளினிக் அட்டையில் ஏறும். அது மூன்றாவது இடம். மூன்று இடத்திலும் எழுதியவர்கள் உண்மையைத்தான் எழுதினார்கள். மூன்றையும் ஒரே மேசையில் விரித்துப் பார்ப்பது மட்டும் யாருடைய வேலையும் இல்லை. என்னைத் தொந்தரவு செய்வது இதுதான். நாம் ஏமாறுகிறோம், ஆனால் ஏமாற்றியவர் என்று ஒருவரும் இல்லை.

2018-ஐ நினைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் கழிவுக்குச் சீனா கதவைச் சாத்தியதும், ஜெஞ்சாரோமைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உரிமம் இல்லாத ஆலைகள் முளைத்தன. இரவில் எரித்த நாற்றம் வீட்டுக்குள் வந்தது. உரிமம் பெற்ற ஆலைகளின் பட்டியலில் அவை இல்லை. ஊர்க்காரர்களே அலைந்து, இடங்களைக் குறித்து, புகார் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். பிறகுதான் பல ஆலைகளுக்குப் பூட்டு விழுந்தது. அந்தக் குறிப்புகளுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. அலுவலகங்கள் பிரித்துவைத்ததை அவர்களால் சேர்த்துப் பார்க்க முடிந்ததற்குக் காரணம் எளிமையானது. மூக்கு துறைவாரியாக மூச்சு விடுவதில்லை.

இதனால் மின்நிலையமும் திருட்டு ஆலையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஒன்றைக் கணக்கில் வைத்திருக்கிறோம், கேள்வி கேட்கலாம். கணக்கு வைப்பது என்பதே பதில் சொல்கிறேன் என்கிற வாக்குதான். அந்த வாக்கு நிறைவேற, மூன்று ஏடுகளையும் யார் வேண்டுமானாலும் சேர்த்துப் படிக்கும்படி திறந்துவைக்க வேண்டும். அது அரசின் கடமை. கேட்பது நம்முடையது. மாதாமாதம் வரும் கரண்டு பில்லும் ஒரு ஏடுதான், அதில் நம் பெயரும் இருக்கிறது.

2044-க்குள் நிலக்கரி நிலையங்களை நிறுத்திவிடுவது அரசின் இலக்கு. நல்லதுதான். ஆனால் நிறுத்திய அன்றே 'இயங்கும்' நிலையங்களின் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். சாம்பல் எங்கே போகும்?

போன வாரம் பாட்டி கேட்டார்: "இப்ப எஞ்சின் எங்கய்யா ஓடுது?"

காப்பார் பக்கம் என்றேன்.

"அங்க இருக்குற ஜனங்க நல்லா இருக்காங்களா?"

மெகாவாட் தெரிந்துவைத்திருந்த எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.