வழிகாட்டியின் கூலி

விற்பவர், வாங்குபவர் என இருவர் மட்டுமே வணிகத்தில் இருப்பதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் அவ்விருவரையும் ஒன்றுசேர்க்கும் மூன்றாமவர் ஒருவர் தொன்றுதொட்டே சந்தையில் இருந்து வருகிறார். தமிழில் அவர் தரகர், அரபியில் ஸிம்ஸார். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசியவர் அவரே. தோல் மண்டியில் வெளியூர் வியாபாரியை உள்ளூர் வியாபாரியிடம் அழைத்துச் சென்றவரும் அவரே. இன்று அவர் வீட்டு மாடியறையில் கணினியின் முன் அமர்ந்திருக்கிறார். நம் பிள்ளைகளுள் சிலரும் அத்தொழிலில் இறங்கியிருக்கின்றனர். தேடுபொறியில் சிறு கடைகளுக்கு விளம்பரம் செய்து கொடுத்து, அதற்குக் கூலி பெறுகின்றனர். அந்தக் கூலி ஹலாலா என்று பெற்றோர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான்.

முதலில் தொழிலின் தன்மையை அறிந்துகொள்வோம். ஒரு பொருளின் சட்டத்தைக் கூறுமுன் அதன் உருவத்தை உள்ளபடி உணரவேண்டும் என்பது ஃபிக்ஹு கற்றோர் அறிந்த விதியாகும். 1998இல் தோன்றிய கூகிள் நிறுவனம், 2000ஆம் ஆண்டு அக்டோபரில் தன் சொந்த விளம்பரத் திட்டத்தைத் தொடங்கியது. ஒருவர் தம் செல்பேசியில் ‘கண்ணாடிக் கடை’ என்று தேடுகிறார் என்று கொள்வோம். அந்தக் கணத்திலேயே, அச்சொல்லுக்காகப் பணம் கட்டியுள்ள கடைகளுக்கிடையே ஓர் ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. கேட்ட விலையோடு விளம்பரத்தின் தரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, யார் மேலே தோன்றுவது என்பது முடிவாகிறது. தேடியவர் அந்த விளம்பரத்தைச் சொடுக்கினால் கடைக்காரரின் கணக்கிலிருந்து பணம் கழிகிறது. எந்தச் சொல்லுக்கு எவ்வளவு கேட்பது, எந்த ஊராருக்கு, எந்த நேரத்தில் காட்டுவது என்பதையெல்லாம் கடைக்காரர் அறியார். அவருக்காக அதனைச் செய்து கொடுப்பதே இத்தொழில்.

இதில் நன்மை உண்டு என்பதை மறுத்தல் நீதியாகாது. பிரதான வீதியில் முன்பணம் கொடுத்துக் கடை பிடிக்க இயலாதவர் சந்துக்குள் கடை வைத்திருக்கிறார். தையலில் கைதேர்ந்த ஏழை விதவை வீட்டுத் திண்ணையிலேயே தொழில் நடத்துகிறார். இத்தகையோரின் வாசலுக்கு வாடிக்கையாளரைக் கொண்டுவந்து சேர்ப்பது பயனுள்ள உழைப்பேயாகும். உடலில் வியர்வை அரும்பவில்லை என்பதால் அதனை உழைப்பன்று எனத் தள்ளிவிட முடியாது. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தமது ஸஹீஹில் தரகுக் கூலிக்கென்றே ஒரு பாடம் வகுத்துள்ளார்கள். இப்னு ஸீரீன், அதா, இப்ராஹீம், ஹஸன் (ரஹ்) ஆகியோர் தரகர் பெறும் கூலியில் குற்றம் காணவில்லை என்பதையும் அங்கே பதிந்துள்ளார்கள். ஆகவே மூலத்தில் இக்கூலி ஆகுமானதே.

ஆயினும் ஒன்றை நாம் நினைவில் கொள்ளவேண்டும். மதீனத்து வணிகர்கள் முன்பு ஸமாஸிரா, அதாவது தரகர்கள், என்றே அழைக்கப்பட்டு வந்தனர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அவர்களுக்கு வணிகர்கள் என்னும் மேலான பெயரைச் சூட்டினார்கள். அத்துடன், வணிகத்தில் வீண் பேச்சும் சத்தியமும் கலந்துவிடுவதால் அதனைத் தருமத்தோடு கலந்துகொள்ளுமாறும் பணித்தார்கள் என கைஸ் இப்னு அபீ கரஸா (ரலி) அறிவிக்கிறார்கள். பேச்சையே முதலாகக் கொண்ட தொழிலில் பேச்சினாலேயே பாவமும் நுழைந்துவிடும் என்னும் எச்சரிக்கை இதில் அடங்கியிருக்கிறது.

இத்தொழிலாளி இருவருக்குப் பொறுப்பாளியாகிறார். முதலாமவர் கடைக்காரர். அவர் வாங்கும் பொருளை அவரால் எடுத்துப் பார்க்கவோ எடை போடவோ இயலாது. ‘உங்கள் கடையை முதலிடத்தில் நிறுத்துவேன்’ என்று உறுதி கூறி முன்பணம் பெறுவோர் உளர். ஒவ்வொரு தேடலுக்கும் ஏலம் புதிதாக நடைபெறுகையில் முதலிடம் எவருடைய கையில் இருக்கிறது? முதலிடத்துக்கு எவரும் உறுதி அளிக்க இயலாது என்று கூகிள் நிறுவனமே எச்சரிக்கிறது. தம்மிடம் இல்லாததை விற்க வேண்டாம் என்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் இட்ட கட்டளையின் கருத்து இங்கும் பொருந்துவதாகவே எனக்குத் தோன்றுகிறது. இன்ன வேலையை இத்தனை நாள் செய்வேன், அதற்கு இவ்வளவு கூலி என்று பேசினால் அது இஜாரா. பலன் கிட்டினால் மட்டும் இவ்வளவு தருக என்று பேசினால், ஷாபிஈ மத்ஹபில் அதற்கு ஜுஆலா என்னும் வழி இருக்கிறது. நேரிய வாயில்கள் திறந்திருக்க, பொய்யுறுதி எதற்கு?

அடுத்து, கூலியின் அளவு. கடைக்காரர் செலவிடும் தொகையில் நூற்றுக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளும் வழக்கம் பரவியிருக்கிறது. மாதம் 20,000 ரூபாய் செலவு, நூற்றுக்கு 15 கூலி என்றால் தரகருக்கு 3,000 ரூபாய் கிடைக்கும். 12,000 ரூபாயே போதும் என்பது அவருக்குத் தெரிய வருகிறது. அதைச் சொன்னால் கூலி 1,800 ஆகிவிடும். உண்மையின் விலை மாதம் 1,200 ரூபாய்! இப்பேச்சு தன்னளவில் ஹராம் என்று நான் கூறவில்லை. ஆனால் அமானிதத்தைக் காக்க வேண்டியவரின் இலாபம், அமானிதம் கரைவதிலேயே வளருமாறு அமைந்துவிடுகிறது. நஃப்ஸுக்கு இத்தகைய தூண்டிலை நாமே கட்டிக்கொடுப்பது அறிவுடைமையாகாது. மாதத்துக்கு இவ்வளவு என்று கூலியை வரையறுத்து, செலவுக் கணக்கையும் கூலிக் கணக்கையும் தனித்தனியே எழுதிக் காட்டுவதே பேணுதலாகும்.

இதனினும் நுட்பமான ஆபத்து ஒன்றுண்டு. ஒரே வீதியிலுள்ள இரண்டு கண்ணாடிக் கடைகளுக்கும் ஒருவரே தரகராய் அமர்கிறார். ஏலத்தின் கணக்கைக் கவனியுங்கள். தமக்கு அடுத்துள்ளவரை விஞ்சுவதற்கு எவ்வளவு தேவையோ, ஏறக்குறைய அவ்வளவே மேலுள்ளவர் கட்டவேண்டும். இரு விளம்பரங்களின் தரமும் சமம் என்று கொள்வோம். முதல் கடை 20 ரூபாய் வரை தரச் சம்மதித்திருக்கிறது; இரண்டாம் கடை 8 ரூபாய் கேட்டிருக்கிறது. அப்போது முதல் கடைக்காரர் ஒரு சொடுக்குக்கு 8 ரூபாய்க்குச் சற்று மேல் கொடுத்தால் போதும். தரகர் இரண்டாம் கடையின் கேள்வியை 14 ரூபாயாக உயர்த்திவிடுகிறார். முதல் கடைக்காரரோ அதே இடத்துக்கு இப்போது 14 ரூபாய்க்கு மேல் கட்டுகிறார். இடம் மாறவில்லை, வாடிக்கையாளரும் கூடவில்லை; செலவு கூடியது, அதனால் தரகரின் கூலியும் கூடியது!

வாங்கும் எண்ணமின்றி ஏலத்தில் விலையை ஏற்றிவிடுவதற்கு நஜ்ஷ் என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் அதனைத் தடுத்திருக்கிறார்கள். இரண்டாம் கடைக்காரருக்கு வாங்கும் எண்ணம் உண்டுதானே என்று வாதிடலாம். ஆனால் விலையை ஏற்றிய கை அவருடையதன்று. சந்தை மேற்பார்வையைப் பற்றி நூல் எழுதிய முற்கால அறிஞர்கள், பொருளுக்குரிய விலையைத் தரகர் தாமாகவே ஏற்றக்கூடாது, வணிகர் ஏற்றினாலன்றி, என்று எழுதி வைத்தனர். கணினியைக் காணாத அவர்கள் மனிதரின் பேராசையைக் கண்டிருந்தனர். எனவே, ஒரே வீதியின் இரு போட்டியாளர்களை ஏற்பதாயின், அதனை இருவருக்கும் முன்னரே தெரிவிக்கட்டும். கூலியையும் செலவோடு இணைக்காதிருக்கட்டும். இல்லையேல் ஒருவரை விட்டுவிடட்டும்.

இரண்டாமவர் தேடுகின்றவர். இவர் தரகரைக் கண்டதுமில்லை, அவருக்குக் கூலி கொடுத்ததுமில்லை. ஆகவே இவருக்கு என்ன கடமை என்று கேட்கத் தோன்றும். என் உள்ளத்தை மிகவும் உறுத்துவது இவருடைய உரிமையே. நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட தாய் நடுங்கும் விரல்களோடு மருத்துவரைத் தேடுகிறார். முதலில் தெரிவதையே சிறந்ததென நம்பிவிடுகிறார். அந்த நம்பிக்கையல்லவா இங்கே விலைபோகும் சரக்கு!

வணிகக் கூட்டத்தாரைச் சந்தைக்கு வருமுன்னரே வழியில் எதிர்கொண்டு வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு விற்றவர் சந்தையை அடைந்தபின் உடன்படிக்கையை முறித்துக்கொள்ளும் உரிமையையும் வழங்கினார்கள். சந்தை நிலவரம் அறியாதவரின் அறியாமையில் இலாபம் காணலாகாது என்பதே இதன் உட்பொருள். விளம்பரமும் தேடுபவரைக் கடைவீதிக்கு வருமுன் எதிர்கொள்கிறது. ஆனால் இது பணம் பெற்று இடப்பட்டது என்னும் குறிப்பு அதன் தலையில் இருக்குமாயின் அறியாமை நீங்கிவிடுகிறது. அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 2002லேயே இக்குறிப்பைத் தெளிவாக இடும்படி தேடுபொறி நிறுவனங்களுக்கு எழுதியது. குறிப்பை இடுவது நிறுவனத்தின் வேலை. அதற்குக் கீழே எழுதப்படும் வாசகத்துக்கோ தரகரே பொறுப்பு. ‘ஊரிலேயே மலிவு’, ‘இருபத்து நான்கு மணி நேரமும் மருத்துவர் உண்டு’ என்று எழுதுமுன் அது மெய்தானா என்று அவர் விசாரித்தாரா?

கூலிக்குப் புகழுரை எழுதி ஐந்து நட்சத்திரம் இடும் வழக்கத்தைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. உண்ணாத உணவை உண்டதாகவும், பெறாத சிகிச்சையைப் பெற்றதாகவும் எழுதுவது பொய்ச்சாட்சியேயாகும். பெரும் பாவங்களை எண்ணிக் கூறுகையில், சாய்ந்திருந்த நபி (ஸல்) அவர்கள் நிமிர்ந்து அமர்ந்து திரும்பத் திரும்ப எச்சரித்தது இப்பாவத்தையே. 2022இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இத்தகைய மதிப்புரைகளுக்கு நெறிமுறை வகுத்தது. 2024இல் அமெரிக்கா பொய் மதிப்புரைகளை விதியாலேயே தடை செய்தது. மார்க்கம் நமக்கு முன்பே சொன்னதை உலகம் இப்போது சட்டமாக்கிக்கொண்டிருக்கிறது.

‘பொருளின் குறைக்குக் கடைக்காரர்தானே பொறுப்பு, நான் வெறும் கருவி’ என்பர் சிலர். குறையை அறிந்த தரகர் அதனை வாங்குபவருக்குத் தெரிவித்தல் கடமை என்பதே முன்னோர் கூற்று. தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் காணும்படி அதனை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டார்கள். மேலே எது தெரிகிறது, அடியில் எது மறைகிறது என்பதுதான் அன்றும் கேள்வி. எது மேலே தெரியவேண்டும் என்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு இந்த ஹதீஸ் எவ்வளவு அருகில் நிற்கிறது!

‘நான் மறுத்தால் வேறொருவர் செய்துவிடுவாரே’ என்றும் கூறுவர். செய்யட்டும், அவருடைய கணக்கு அவருக்கு. எழுதப்பட்ட ரிஜ்கு வேறொருவர் வாயில் விழுவதில்லை.

இது ஃபத்வா அன்று, சிந்தனைக்காக எழுதப்பட்டது. இத்தொழிலில் உள்ள இளைஞர்கள் ஒவ்வொரு கடையையும் ஏற்குமுன் தம்மைத் தாமே ஒன்று கேட்டுக்கொள்ளட்டும்: ‘என் உடன்பிறந்த சகோதரியை இக்கடைக்கு அனுப்புவேனா?’ ஆம் என்றால் பிஸ்மில்லாஹ் கூறித் தொடங்கட்டும். இல்லையென்றால், முகமறியாத பிறருடைய சகோதரியை அங்கே அனுப்புவதற்குக் கூலி வாங்குவது எங்ஙனம் தகும்?

வல்ல அல்லாஹ் நம் சந்ததியினருக்கு ஹலாலான ரிஜ்கையும், அதில் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.