நமதல்லாத தெருவை நாம் பேணுவது ஏன்?



தமக்குச் சொந்தமல்லாத இடத்தை மனிதர் பேணுவரோ? பேணத்தான் வேண்டுமோ? இது சிறிய கேள்விபோல் தோன்றலாம். ஆயினும், அண்டை அயலார் தாமே கூடித் தம் தெருவைச் செம்மை செய்யும் சங்கங்களின் உயிர்நிலை இக்கேள்விக்கு நாம் அளிக்கும் விடையிலேதான் இருக்கிறது.

இதனை ஆராய்தற்குத் தில்லி மாநகரின் தென்பகுதியிலுள்ள லக்ஷ்மிபாய் நகர் தகுந்த இடமாகும். ஜான்ஸி இராணியின் பெயர் தாங்கிய அந்நகர், ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு அண்மையில் அமைந்த மத்திய அரசு ஊழியர் குடியிருப்பு. தமிழ்க் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக வந்து தங்கிச் சென்ற இடம் அது. அரசுக் குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர் எவரும் வீட்டுக்கு உடையவர் அல்லர். உத்தியோகம் உள்ளவரையில் வீடு உண்டு. மாற்றலோ ஓய்வோ வந்துவிட்டால் சாவியை ஒப்படைத்துவிட்டுப் புறப்பட வேண்டும். சுவர் விரிந்தால் பார்க்க மத்தியப் பொதுப்பணித் துறை இருக்கிறது; குப்பை சேர்ந்தால் அகற்றப் புது தில்லி நகராட்சி மன்றம் இருக்கிறது. இங்கே தொண்டர் சங்கம் எதற்கென்று ஒருவர் வினவலாம்.

சற்றே சிந்தியுங்கள். தெருவிளக்கொன்று அணைந்துவிட்டது. அடுத்த வீட்டார் தெரிவித்திருப்பார் என்று இருபது வீட்டாரும் எண்ணுகின்றனர், ஒருவரும் தெரிவிப்பதில்லை, இருள் நீடிக்கிறது. சங்கம் ஒன்று இருப்பின், இன்னார் தெரிவிக்க வேண்டும் என்பது முன்னமே முடிவாகியிருக்கும். தனி மனிதன் எழுதும் மனு மேசையில் உறங்கலாம். தெருவார் அனைவரும் ஒப்பமிட்ட மனு எளிதில் உறங்குவதில்லை. ஈரக் குப்பையையும் உலர்ந்த குப்பையையும் வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட விதிகள் கூறின. விதி ஏட்டில் பிறக்கும். பழக்கமோ அயலார் ஒருவரையொருவர் பார்த்துத்தான் பிறக்கும். தனித்து வாழும் முதியவரின் கதவு காலையில் திறக்கவில்லையே என்று போய்த் தட்டிப் பார்ப்பதற்கு எந்த அரசாங்கத்திலும் ஓர் இலாகா இல்லை.

சொந்தமல்லாததைப் பேணியோர் விட்டுச்சென்ற சான்றும் அந்நகரிலேயே உண்டு. தில்லிக்கு வேலைதேடி வந்த தென்னாட்டு ஊழியர் தம் மக்களின் கல்விக்காக 1923ஆம் ஆண்டில் தொடங்கிய முயற்சியே தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக வளர்ந்தது. அது நடத்தும் பள்ளிகளுள் ஒன்று லக்ஷ்மிபாய் நகரில் இருக்கிறது. தொடங்கியோர் மறைந்தனர், பள்ளி நிற்கிறது. இன்னொரு சான்று, அருகிலுள்ள சரோஜினி நகர். பழைய அரசுக் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்திற்காக ஆயிரக்கணக்கான மரங்கள் வெட்டப்படவிருந்தபோது, 2018ஆம் ஆண்டு ஜூன் திங்களில் பொதுமக்கள் கூடி மரங்களைத் தழுவி நின்றனர். தில்லி உயர் நீதிமன்றமும் வெட்டுதலை நிறுத்தி வைத்தது. அம்மரங்களில் ஒன்றுகூட அவர்களுக்குச் சொந்தமன்று. நிலையாமையை உணர்ந்தவன் எதையும் பேணான் என்று எண்ணுவது பிழை. நான் போனபின் இங்கே வேறொருவன் வாழ்வான் என்று அறிந்தவனே உண்மையில் பேணுவான்.

ஆயின் சங்கங்களுக்கு ஒரு நோயும் உண்டு. அதனைச் சொல்லாதொழிதல் நேர்மையாகாது. 2000ஆம் ஆண்டில் தில்லி அரசு 'பாகிதாரி' என்னும் திட்டத்தைத் தொடங்கிக் குடியிருப்போர் நலச் சங்கங்களையும் வணிகர் சங்கங்களையும் அதிகாரிகளோடு ஒரே மேசையில் அமர்த்திற்று. 2005இல் ஐக்கிய நாடுகளின் பொதுச்சேவை விருதையும் அது பெற்றது. நற்காரியமே. எனினும், தொடக்கத்தில் அம்மேசையில் இடம்பெற்றவை திட்டமிட்ட குடியிருப்புகளின் சங்கங்கள். குடிசைவாழ் மக்களுக்கு நாற்காலி இல்லை. அக்குடியிருப்புகளில் கூட்டவும் துவைக்கவும் சமைக்கவும் வந்தோர் எவரோ, அவர்களே விடுபட்டனர்.

நம் குலாவக ஜாதகம் இந்நோயை அன்றே காட்டியிருக்கிறது. மகத நாட்டுச் சிற்றூர் ஒன்றில் மகன் என்னும் இளைஞன் தான் நின்ற இடத்தைத் துப்புரவு செய்தான். வேறொருவன் அவனைத் தள்ளிவிட்டு அங்கே நின்றான். அவன் சினவாது அடுத்த இடத்தைத் துப்புரவு செய்தான். நாளடைவில் ஊரின் முப்பது குடும்பத்து ஆடவரும் அவனுடன் சேர்ந்து வழிகளைச் சீர்செய்தனர், குளம் வெட்டினர், அனைவர்க்கும் ஒரு மண்டபம் கட்டினர். ஆனால் அப்புண்ணியத்தில் பெண்டிர்க்குப் பங்கில்லை என்றனர்! சுதம்மை என்பாள் தச்சனிடம் சொல்லி, மண்டபத்தின் முகட்டுறுப்பை முன்னமே செய்வித்துத் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். அஃதின்றி மண்டபம் முடியவில்லை. விலைக்குத் தாரேன், பங்கு தருவீராயின் தருவேன் என்றாள். முதலில் மறுத்தவர்கள் முடிவில் இசைந்தனர். விலக்கப்பட்டவரின் கைப்பொருள் வந்த பின்னரே மண்டபம் நிறைவுற்றது!

பிறரைச் சுட்டுமுன் என்னையே சுட்டுகிறேன். இளமையில் யான் பஞ்சாலைத் தொழிலாளியாயிருந்தபோது, எங்கள் வரிசை வீட்டு இளைஞர் கூடி ஒரு சங்கம் அமைத்தோம். குழாயடியில் தேங்கிய நீரை வடியச் செய்தோம், சாக்கடையைத் தூர் வாரினோம், பெருமிதம் கொண்டோம். ஆனால் எங்கள் கழிவறையைக் கழுவ வந்த குடும்பத்தாரை ஒரு கூட்டத்திற்கும் அழைத்தோமில்லை. அவர்கள் அக்குழாயில் நீர் பிடித்தபோது சிலர் முணுமுணுத்தனர்; யான் கேட்டும் வாளாவிருந்தேன். நம்மைத் தள்ளிவைத்த உலகைப் பழித்துக்கொண்டே நாமும் ஒருவரைத் தள்ளிவைத்தோம். இன்று தம்மம் உரைக்க எழும்போதெல்லாம் அந்நினைவு என் நாவைத் தடுக்கிறது.

ஆகவே, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். உடைமையே உரிமைக்கு அடிப்படையெனின், அரசுக் குடியிருப்பில் எவருக்குமே உரிமை இல்லை. பேணுதலே அடிப்படையெனின், நாள்தோறும் அத்தெருவைக் கூட்டும் பெண்ணுக்கும் மரத்தடியில் துணி தேய்ப்பவருக்கும் உரிமை முன்னதாகவே உண்டு. அதிகாரி மாற்றலில் போய்விடுவார். அவர்களோ அவருக்குப் பின்னரும் அத்தெருவுக்கு வந்துகொண்டிருப்பர்.

நீங்கள் வாழும் தெருவில் சங்கம் இல்லையேல் இன்றே ஐவர் கூடித் தொடங்குங்கள். இருக்குமாயின், அடுத்த கூட்டத்தைத் தெருக் கூட்டுபவர் வரக்கூடிய வேளையில் வையுங்கள். அவருக்கு நாற்காலி இடுங்கள்; முதலில் அவரைப் பேசவிடுங்கள். எவ்விடத்தில் நீர் தேங்குகிறது, எந்த வீட்டில் துணையின்றி ஒருவர் நோயுற்றிருக்கிறார் என்பதை நம்மினும் அவர் நன்கறிவார்.