எலிகளைப் பிரிப்பதிலும் நீதி உண்டா?

வாயில்லாப் பிராணியைக் காரணமின்றி வதைப்பது பாவம் என்பதை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவர். பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகடித்த பெண்ணின் கதியைக் கேளாதவர் நம்மில் யார்? ஆனால், நோய்க்கு மருந்து காண ஆய்வுக்கூடங்களில் சுண்டெலிகளைப் பயன்படுத்துகிறார்களே, அங்கே ‘தேவை’ என்ற ஒன்று இருக்கிறது. அந்தத் தேவையை ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது.

மருந்தைச் சோதிப்பவர் எலிகளை இரு கூட்டமாகப் பிரிக்கிறார். ஒரு கூட்டத்திற்கு மருந்து. மற்றதற்கு மருந்தில்லாத வெறும் திரவம். எந்த எலி எந்தக் கூட்டத்திற்கு? கூண்டுக்குள் கையை விட்டு அகப்பட்டதை எடுத்தால் போதாதா என்று தோன்றும். போதாது. முதலில் அகப்படுவது பெரும்பாலும் ஓட மாட்டாத மந்தமான எலி. துடிப்பானவை கடைசிவரை தப்பி, இரண்டாவது கூட்டத்தில் போய்ச் சேரும். பிறகு காணும் வித்தியாசம் மருந்தால் வந்ததா, எலியின் உடல்வாகால் வந்ததா, யார் சொல்வது?

இது வெறும் கற்பனை அன்று. ஏ.எல்.எஸ். என்பது நரம்பணுக்கள் அழிந்து, கைகால் முடங்கி, முடிவில் மூச்சையும் நிறுத்திவிடும் கொடிய நோய். மினோசைக்ளின் என்ற மருந்து அந்நோயுள்ள சுண்டெலிகளின் ஆயுளை நீட்டியதாக 2002-ல் ஆய்வுகள் வெளிவந்தன. அமெரிக்காவில் 412 நோயாளிகளிடம் அதைச் சோதித்தார்கள். 2007-ல் முடிவு வந்தது: மருந்து உண்டவர்கள் மற்றவர்களைவிட 25 சதவீதம் வேகமாக நலிந்தார்கள்! மறு ஆண்டு, மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆய்வு நிலையம் ஒன்று எழுபதுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சுண்டெலிகளிடம் கண்டிப்பான முறையில் சோதித்த கணக்கை வெளியிட்டது. மினோசைக்ளினும் அவற்றில் ஒன்று. எதிலும் பலன் தென்படவில்லை. முந்தைய வெற்றிகளில் பெரும்பாலானவை தற்செயலான ஏற்றத்தாழ்வுகளே என்பது அவர்கள் கருத்து. இவ்வகை எலிகளில் பெண் எலி ஆணைவிடச் சில நாட்கள் கூடுதலாக வாழும். மருந்துக் கூட்டத்தில் பெண் எலிகள் கூடிவிட்டால், தண்ணீரும் மருந்தாகிவிடும்!

எண்ணிப் பாருங்கள். எலிகள் மாண்டன, மனிதனுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. எந்தத் தேவையைக் காட்டி அவற்றின் உயிரை எடுத்தோமோ, அந்தத் தேவையே நிறைவேறவில்லை. அப்படியானால் அனுமதி மட்டும் எப்படி மிஞ்சும்? நிய்யத் நல்லதுதானே என்பார்கள். ஒப்படைக்கப்பட்ட உயிர் அமானத் ஆயிற்றே! கவனமின்றிப் பாழாக்கிய அமானத்துக்கு நல்லெண்ணம் பதிலாகுமா?

அந்நிலையத்தார் சொன்ன பரிகாரம் எளியது. இரு கூட்டத்திலும் ஆணும் பெண்ணும் சம எண்ணிக்கையில் இருக்கட்டும். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளை இருபுறமும் சமமாகப் பங்கிடுங்கள். கூட்டத்திற்கு 24 எலிகளாவது வேண்டும். இப்படிச் சமன் செய்த பின், எது எப்பக்கம் என்பதை ஆய்வாளரின் கை தீர்மானிக்கலாகாது. சீட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். புள்ளியியல் மேதை ரொனால்ட் ஃபிஷர் 1935-ல் வெளியிட்ட நூலிலேயே சீட்டின் அவசியத்தை வலியுறுத்தியிருக்கிறார்.

நாணயமானவருக்குச் சீட்டு எதற்கு என்று கேட்கலாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிரயாணம் புறப்படும்போது, உடன் வருபவர் யார் என்பதற்குத் தம் மனைவியரிடையே சீட்டுக் குலுக்கியதாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நீதியில் அவர்களை மிஞ்சியவர் உண்டா? அவர்களே தம் விருப்பத்திற்கு விடாததை, ஆய்வாளர் தம் கைக்கு விடலாமா? உரிமை சமமாக உள்ள இடத்தில் குர்ஆ போடுவது நம் ஃபிக்ஹு நூல்களைப் படித்தவர்களுக்குப் புதிதன்று. முதலில் சமன், பிறகு சீட்டு என்ற வரிசையும் அதுவே.

ஆனால் ஒன்று: தேவையே இல்லாத சோதனையைச் சீட்டு ஆகுமாக்கிவிடாது. அது வேறு விசாரணை.

விலங்குகளை எவ்வாறு பிரித்தார்கள் என்பதைக் கட்டுரையிலேயே எழுத வேண்டும் என்று 2010-ல் பிரிட்டனில் வெளியான ‘அரைவ்’ நெறிமுறை கேட்கிறது. நம் பிள்ளைகளில் பலர் இன்று மருந்தியலும் உயிரியலும் படிக்கிறார்கள். ஆய்வுக் கட்டுரை கையில் வரும்போது அந்த ஒரு வரி இருக்கிறதா என்று அவர்கள் தேடிப் பார்க்கட்டும்.