பெயர் குறிக்காத அடுக்குகள்

இஸ்ரேலின் ஹைஃபாவில் கார்மல் மலைச்சரிவை 19 அடுக்காக வெட்டித் தோட்டம் அமைத்திருக்கிறார்கள் பஹாய் சமயத்தார். நடு அடுக்கில், அந்தச் சமயத்தின் முன்னோடியான பாப் அவர்களின் சமாதி. அதற்கு மேலே 9, கீழே 9. 1844-ல் பாரசீகத்தில் பாப் தம் செய்தியைச் சொன்னபோது முதலில் நம்பி வந்த 18 சீடர்களின் நினைவாக அந்த 18 அடுக்கும். ஆனால் எந்த அடுக்கு எவருக்கு என்று குறிக்கவில்லை. மனசு இன்று அதிலேயே நிற்கிறது.

*

வடிவமைத்தவர் ஈரானியரான ஃபரிபோர்ஸ் சஹ்பா. டெல்லி தாமரைக் கோயிலும் அவர் வரைந்ததே. 1986-ல் அது முடிந்தது. மறு வருடம் கார்மலில் வேலை தொடங்கி, 2001 மே மாதம் தோட்டத்தைத் திறந்தார்கள்.

சமாதியை மையமாக வைத்து ஒன்பது வட்டங்கள். அந்த வளைவுகளில்தான் எல்லா அடுக்கும் அமைந்திருக்கின்றன. நடுப் படிக்கட்டை ஒட்டிச் சீராக வெட்டிய புல்லும் பூப்பாத்தியும். விலக விலக ஒழுங்கு தளர்ந்து, ஓரத்தில் மலைக்காடு. படிகளின் இருபுறமும் இறங்கி ஓடும் தண்ணீரையே மறுபடி மேலே ஏற்றுகிறார்கள். ஆற்றில் கலந்த கழிவுக்காக 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதைப் பார்த்த என்னைப் போன்ற நொய்யல் கரைக்காரனுக்கு, அந்தச் சுற்றின் அருமை புரியும்.

*

அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருவர் கவிஞர் தாஹிரே. 1852-ல் கொல்லப்பட்ட அவரை உலகம் அறியும். இன்னொருவர் ஷேக் சயீத் ஹிந்தி. செய்தியோடு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு முல்தான் வரை வந்தவர். அவரைப் பற்றிக் கிடைப்பது சில வரிகள்தான். தோட்டத்தில் இருவருக்கும் ஒவ்வோர் அடுக்கு. யார் சமாதிக்குப் பக்கம், யார் தள்ளி என்று கேட்க இடமே இல்லை.

*

இங்கே, நொய்யல் கரையில், தைக்கும் ஒரு டீ-ஷர்ட்டின் கழுத்தில் யாரோ வெளிநாட்டு வியாபாரியின் பெயர். நிட்டிங், சாயம், கட்டிங் தாண்டி, ஓவர்லாக் அடித்தவர், பேட்லாக் அடித்தவர், பிசிர் நூலை வெட்டியவர், செக்கிங் பார்த்தவர், அயர்ன் போட்டவர் என்று அது எத்தனையோ கை மாறிப் பெட்டிக்குள் போகிறது. அவர்கள் பெயர் சட்டையில் இல்லாதது எனக்குக் குறையாகப் படவில்லை. கார்மலிலும்தான் பெயர் இல்லை. ஆனால் அங்கே ஆளை எண்ணி, ஆளுக்கோர் இடம் விட்டிருக்கிறார்கள். நாம் பீஸை எண்ணுகிறோம். சரக்கு கப்பல் ஏறிய பிறகும், அதைத் தைத்த அத்தனை பேரின் பட்டியல் அந்த ஆர்டர் ஃபைலில் இருக்க வேண்டும், பீஸ் ரேட்டுக்கு வந்து போனவர்களையும் சேர்த்து.