வழியின் எழிலும் உறவின் உரிமையும்

உறவினரைக் காணப் புறப்பட்டவர் வழியிலுள்ள மலையையும் ஆற்றையும் கண்டு மகிழ்ந்தால், அவருடைய நிய்யத்தில் கலப்பு நேர்ந்துவிடுமா? பேணுதல் மிக்க சிலர் இவ்வாறு ஐயுறுகின்றனர். வேறு சிலரோ இதில் சிந்திக்க ஏதுமில்லை என்று கடந்து செல்கின்றனர். இரு சாராரும் நின்று நோக்க வேண்டிய வினா இது.

செங்கோட்டையிலிருந்து கொல்லம் செல்லும் சாலையை எடுத்துக்கொள்வோம். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை, திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்திருந்தது. பின்னர் எல்லைக்கோடு மாறிற்று. ஆனால் பெண் கொடுத்தும் எடுத்தும் ஏற்பட்ட உறவுகள் மலைக்கு இருபுறமும் நிலைத்தன. அவர்களுக்கு இச்சாலையே பாலம். ஆரியங்காவுக் கணவாயில் காடு சூழ்கிறது. அருகே பாலருவி வீழ்கிறது. கழுதுருட்டியில் பதின்மூன்று கண் இரயில் பாலம், அடுத்துத் தென்மலை, அப்பால் புனலூரில் 1877-இல் கட்டி முடிக்கப்பெற்ற தொங்கு பாலத்தின் கீழே கல்லடையாறு.

இவற்றைக் கண்மூடிக் கடப்பது பக்தியாகாது. வானத்தையும் மலைகளையும் நோக்கிச் சிந்திக்குமாறு திருமறையே நம்மைப் பணிக்கிறது. அன்றியும், ஹஜ்ஜுக்குச் செல்வோர் அப்பயணத்தில் வாணிகம் செய்து பொருளீட்டுவது குற்றமன்று என அல்-பகரா அத்தியாயம் அனுமதிக்கிறது. அம்மகத்தான கடமையோடு வாணிகம் சேரலாமெனில், ஸிலத்துர் ரஹ்ம் எனும் உறவு பேணலோடு அருவியின் சாரல் சேர்வதில் தடையென்ன?

ஆயினும், அச்சலுகை ஹஜ்ஜை முதன்மையாகக் கொண்டவருக்கு உரியது. இங்கும் எது முதல், எது துணை என்பதே கேள்வி. வேற்றூரிலிருந்த தம் சகோதரரைக் காணச் சென்ற ஒருவரை வானவர் வழிமறித்து, ஆதாயம் ஏதும் கருதிச் செல்கிறீரா என வினவிய வரலாறு, முஸ்லிம் ஹதீஸ் நூலில் உள்ளது. அல்லாஹ்வுக்காக அவரை நேசிப்பதன்றி வேறு காரணமில்லை என்றார் அம்மனிதர். இறைநேசம் அவருக்கு நன்மாராயமாகக் கிடைத்தது. அவ்வழி பசுமையானதா, வறண்டதா என்று அந்நபிமொழி கூறவில்லை. வானவர் கேட்டது வழியைப் பற்றியன்று.

நம்மைச் சோதித்துக்கொள்ள இரண்டு அளவுகோல்கள் உள்ளன. நண்பகலில் வருவதாகச் சொல்லிவிட்டு, அருவியில் நீராடி, அஸருக்குப் பின் போய்ச் சேருகிறோம். சமைத்து வைத்து, தானும் உண்ணாமல் வாசலைப் பார்த்திருந்த முதிய மாமியின் பொழுதை எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை தந்தவர் யார்? மகிழ்ச்சி குற்றமன்று, பிறர் பொழுதைக் கொண்டு மகிழ்வது குற்றம்.

மற்றொன்று, இதனினும் கடினமானது. புனலூர் மாமியின் இல்லத்துக்கு விடுமுறைதோறும் செல்பவர், இராமநாதபுரத்துச் சீமையின் வறண்ட சிற்றூரில் தனித்து வாழும் கைம்பெண்ணான சாச்சியை எத்தனை முறை கண்டார்? இருவரும் ஒரே இரத்த உறவினர். அங்கே அருவியில்லை, நிழலில்லை. ஆகவே விருந்தினரும் இல்லை. அவ்வாறாயின், இதுகாறும் நாம் பேணியது உறவையா, குளிர்ச்சியையா?

எனவே மலைப்பாதையில் செல்லுங்கள்; படைத்தவனைப் புகழுங்கள்; சொன்ன பொழுதில் சென்று சேருங்கள். அடுத்த பயணத்தை வெயில் காயும் அவ்வூருக்கென வைத்துக்கொள்ளுங்கள். வல்ல நாயன் நம் நிய்யத்துகளைச் சீராக்குவானாக! ஆமீன்.